யாரை விடட்டும்?

அல்லிப்பேடு ஏரியின் காவலன் மழை பெய்தால் மட்டும் செத்துப்போகும். மற்ற நாட்களில் அதைப்போல் ஒரு புத்திசாலி கிடையாது. ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, எவ்வளவு ஆவியாகிறது, எந்த மதகில் ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறது என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லும். ஏரி வறண்டு நடுவில் மாடுகள் படுத்திருந்த மே மாதத்தில் அதற்குச் சிறந்த வெள்ளத் தடுப்பு மென்பொருள் என்று விருதுகூடக் கொடுத்தார்கள். மேனேஜர் கிரிதரன் கோட்டுப் போட்டுக்கொண்டு போய் வாங்கி வந்தார்.

நகரத்தைச் சுற்றியிருந்த ஏரிகளின் மதகுகளை மனிதர் கையிலிருந்து பிடுங்கி இந்த மென்பொருளிடம் கொடுத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஏரிக்கு ஒரு காவலன். மழை வருகிறது என்றால் அது ஏரிக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு தெருவையும் ஒவ்வொரு கூரையையும் தன் நினைவில் ஏற்றிக்கொள்ளும். எந்த மதகை எப்போது திறந்தால் தண்ணீர் யார் வீட்டுக்குப் போகும் என்று ஓட்டிப் பார்க்கும். பிறகு முடிவெடுத்துத் திறக்கும். மனிதர்கள் என்றால் பெரிய இடத்து போனுக்குப் பயப்படுவார்கள், குடித்துவிட்டுத் தூங்குவார்கள். காவலன் பயப்படாது, தூங்காது. சாகும், அவ்வளவுதான்.

போன வருடம் ஐப்பசியில் முதல் பெருமழையன்று அது செத்தது. செத்த உடனே சர்வர் அதை எழுப்பிவிட்டது. எழுந்து மழையைப் பார்த்தது, கணக்குப் போட ஆரம்பித்தது, மறுபடி செத்தது. மாலை முழுக்கச் சாவதும் எழுவதுமாக இருந்ததே தவிர ஒரு மதகையும் அசைக்கவில்லை. கடைசியில் கரை உடையப்போகிறது என்று பொதுப்பணித் துறை ஆட்கள் ஓடிவந்து கிழக்கு மதகைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தார்கள். தேங்கியிருந்த ஏரி மொத்தமாக மதகடித் தெருவுக்குள் இறங்கியது.

கம்பெனியின் சுவரை அடைத்திருந்த பெரிய திரை அன்று முழுவதும் பச்சையாகவே இருந்தது. செத்ததை அந்தத் திரை கணக்கில் எடுப்பதில்லை, எழுந்ததை மட்டும்தான் எடுக்கும். இப்பேர்ப்பட்ட மழையிலும் நம் சேவை நிற்கவே இல்லை என்று மறுநாள் காலை கிரிதரன் எல்லாருக்கும் மின்னஞ்சலில் நன்றி சொன்னார்.

ஜெசிந்தா அந்த மின்னஞ்சலை மதகடித் தெருவில் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு படித்தாள். அவள் பிறந்த தெரு அது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீட்டில் அவள் அம்மா பிலோமினா, மடங்காத முட்டியை வைத்துக்கொண்டு, கட்டில்மேல் ஸ்டூலைப் போட்டு ஏறி உட்கார்ந்து உயிர் தப்பியிருந்தாள். எதிர்வீட்டு ஆரோக்கியதாஸ் தன் ஆட்டோவைத் தள்ளி மேட்டில் ஏற்றப் போனவர் திரும்பவில்லை. ஆட்டோ மட்டும் கிடைத்தது.

ஆபீஸில் இது யாருக்கும் தெரியாது. ஜெசிந்தா எந்த ஊர் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்காததைச் சொல்லும் பெண்ணல்ல. மீட்டிங்கில் அவள் குரலைக் கேட்டவர்கள் கம்மி. அவள் மனசுக்குள் ஓடும் குரலை யாராவது கேட்டிருந்தால் அன்றே வேலையை விட்டுத் தூக்கியிருப்பார்கள்.

இந்த வருடம் மழைக்கு முன்னால் காவலனைச் சரிசெய்தாக வேண்டும் என்று பொதுப்பணித் துறை கறாராகச் சொல்லிவிட்டது. புதிதாக எழுதும் வேலை என்றால் ஆளாளுக்கு முண்டியடிப்பார்கள். பழையதைப் பழுதுபார்ப்பதில் விருது கிடையாது என்பதால் அது சுற்றிச் சுற்றி ஜெசிந்தா தலையில் வந்து விழுந்தது.

அவளுக்கு உதவி முபாரக். சர்வர்களைக் கட்டி மேய்ப்பது அவன் வேலை. எதையும் சிரிக்காமல் சொல்வான். காவலன் ஏன் சாகிறது என்பதை அவன் தன் மேன்ஷன் வாழ்க்கையை வைத்துத்தான் விளக்கினான்.

"ஒருத்தன் மேன்ஷன்ல ஒரு ரூம் வாடகைக்கு எடுக்குறான், ஜெசி. உள்ள போனதும் ரூமைப் பாக்கணுமா இல்லையா? இவன் பாக்க மாட்டான். வாட்ச்மேன்கிட்ட போய், அண்ணே இந்த பில்டிங் எவ்வளவு பெரிசுன்னு கேக்குறான். வாட்ச்மேன் உண்மையைச் சொல்லிடுறான். இவன் பில்டிங் மொத்தத்துக்கும் சாமான் கொண்டாந்து இறக்குறான். அடுத்த ரூம் வாசல்ல பீரோ வந்து நிக்குது. ஓனர் என்ன பண்ணுவான்?"

"வெளிய தள்ளுவான்."

"கழுத்தைப் பிடிச்சு. கேள்வியே கிடையாது. அப்புறம் கதவைத் திறந்து மறுபடி உள்ள விடுவான். இவன் மறுபடி வாட்ச்மேன்கிட்ட போறான்."

விஷயம் அதுதான். ஒரே பெரிய சர்வரில் ஏரிக்கு ஒன்றாகக் காவலன்கள் குடியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கன்டெய்னர், அதாவது ஒரு அடைப்பு. இவ்வளவு மெமரிதான், இவ்வளவு சிபியூதான் என்று அதற்கு ஒரு எல்லை. காவலனை எழுதியவர்களுக்கு அந்த எல்லையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை. அவர்கள் மேசையில் இருந்த கணினி முழுக்க அவர்களுடையது. எல்லை என்று ஒன்று இருப்பதே அவர்கள் வாழ்க்கையில் படாத சங்கதி. அதனால் காவலன் எழுந்ததும் சர்வர் முழுசையும் எண்ணிப் பார்த்து, எல்லாம் தனக்கு என்று நம்பி, அத்தனை சிபியூவுக்கும் ஆளைக் கூப்பிட்டு நிறுத்திவிடும். வந்தவர்கள் கிடைத்த இரண்டு சிபியூவுக்கு முன்னால், இரண்டே அடுப்புள்ள சமையலறையில் நிற்பதுபோல, கூட்டமாக நின்று ஒருவர் கையை ஒருவர் தட்டிவிட்டுக்கொண்டிருப்பார்கள். அதற்குள் மெமரி எல்லையைத் தாண்டும். சர்வர் கழுத்தைப் பிடிக்கும். வெயில் நாளில் யோசிக்க ஒன்றுமில்லை, அதனால் சாவும் இல்லை. மழை கூடக் கூட அதிகம் யோசிக்கும், சீக்கிரம் சாகும்.

சோதித்துப் பார்த்ததெல்லாம் கோடையில்.

அல்லிப்பேட்டுக்கு மெமரியைக் கூட்டிக் கொடுத்தால் போதும் என்று ஜெசிந்தா மீட்டிங்கில் சொன்னாள். கிரிதரன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். எதற்கும் சிம்பிள் என்று சொல்லுகிற மனிதர் அவர். அடுத்தவர் முதுகில் ஏற்றுவதாக இருந்தால் எந்த மூட்டையும் சிம்பிள்தான்.

எல்லா ஏரிக்கும் ஒரே அளவு என்று ஒப்பந்தம், ஒன்றுக்குக் கூட்டினால் எல்லாம் கேட்கும், அதற்கெல்லாம் வழியே இல்லை என்றார். பிறகு, சபைக்கு ஒரு தத்துவம் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இடத்தைக் கூட்டிக் கேக்கறது தீர்வு இல்லம்மா. இருக்கிற இடத்துல இருக்கக் கத்துக் கொடு. அடக்கம் இல்லாததாலதான் சாகுது. சிம்பிள்."

அவர் வீடு அதே ஏரிக்குத் தெற்கே, லேக் மெடோஸ் வில்லாக்களில். வீடு வாங்கிய காலத்தில் ஆபீஸ் முழுக்கப் படம் காட்டினார். அகலமான தெரு, நடுவில் வரிசையாக ஈச்சமரம், மொட்டைமாடியிலிருந்து ஏரி. ஜெசிந்தாவுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். சின்ன வயதில் அங்கே வாய்க்கால் ஓடியது. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் தெற்கு ஷட்டர் வழியாக அதில்தான் வழியும். பிறகு வாய்க்காலைக் குழாய்க்குள் திணித்து மேலே மண்ணைக் கொட்டி ஈச்சமரத்தை நட்டுவிட்டார்கள். தெற்கு ஷட்டரை அதற்கப்புறம் யாரும் திறக்கவில்லை.

அடக்கம் கற்றுக்கொடுக்க இரண்டு வாரம் பிடித்தது. கடினமான வேலை என்று சொல்ல முடியாது. இதை முதலிலேயே செய்யாமல் போனவர்களை நினைத்து ஜெசிந்தாவுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது, அதுதான் கஷ்டம். இனிமேல் காவலன் எழுந்ததும் வாட்ச்மேனிடம் போகாது. தன் கன்டெய்னரின் நான்கு சுவரையும் தொட்டுப் பார்க்கும். இவ்வளவு மெமரி, இத்தனை சிபியூ என்று தெரிந்துகொண்டு அதற்குத் தக்கபடி ஆட்களைக் கூப்பிடும். மெமரி முக்கால் பங்கு நிரம்பியதும் நின்று, மேலே ஏற்றுவதற்குப் பதிலாகத் திரையில் ஒரு கேள்வி கேட்கும்.

இடம் போதவில்லை. எதை விடட்டும்?

முதல் தடவை அந்தக் கேள்வி வந்தபோது கிரிதரன் அவளுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். வீடுகளின் விவரத்தில் மதிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது, வீட்டு வரியை வைத்துப் போட்டது. "அதுல சின்னதுலேர்ந்து விடச் சொல்லு. சிம்பிள்," என்று சொல்லிவிட்டுக் காபி எடுக்கப் போனார். ஜெசிந்தா அப்படியே போட்டாள். மண்டைக்குள் அப்போது மெமரியைத் தவிர வேறொன்றும் இல்லை.

போன வருட மழையை மறுபடி ஊட்டிச் சோதித்தார்கள். பொதுப்பணித் துறையிலிருந்து உதவிச் செயற்பொறியாளர் இந்துமதி வீடியோவில் உட்கார்ந்து பார்த்தார். எதற்கும் தலையாட்டாத அம்மாள். காவலன் எழுந்தது, அளந்தது, தேவையில்லாததை விட்டது, கரைக்கு ஆபத்து வருமுன்பே மதகைத் திறந்தது. ஒரு தடவைகூடச் சாகவில்லை. கைதட்டினார்கள். கிரிதரன் மைசூர்பாகு வரவழைத்தார். ஒரு துண்டை எடுத்து ஜெசிந்தா கையில் வைத்து, "பாத்தியா, லிமிட் ஒரு பிரச்சனையே இல்ல," என்றார்.

எல்லாரும் கலைந்த பிறகு, கையில் நெய் பிசுபிசுக்க, அவள் எந்த மதகு என்று பார்த்தாள். கிழக்கு மதகு. மதகடித் தெரு.

காவலனிடம் கேட்டாள், தண்ணீர் போகும் பாதையில் யார் இருக்கிறார்கள் என்று.

யாரும் இல்லை, என்றது திரை.

கிழக்கே திறந்தால் முதலில் தண்ணீர் படுகிற வீட்டைக் கேட்டாள். முதல் வீடு ஒரு குளிர்பானக் கிடங்கு என்றது. அந்தக் கிடங்கு தெருவுக்கு அந்தப் பக்கம், மெயின் ரோட்டில் இருக்கிறது. கடைசியில் அம்மா வீட்டுக் கதவு எண்ணையே தட்டினாள்.

அப்படி ஒரு கதவு என் நினைவில் இல்லை.

மரியாதையாகத்தான் சொன்னது. அதற்குப் பொய் தெரியாது. பட்டா இல்லாத கூரைகளுக்கு வரி கிடையாது. வரி இல்லாததால் மதிப்பு இல்லை. மதிப்பில் சின்னதிலிருந்து விடச் சொன்னார்கள், விட்டுவிட்டது. போன வருடம் அது செத்துச் செத்து எழுந்துகொண்டிருந்தபோதாவது சாகுமுன் ஒரு கணம் எல்லாரையும் நினைத்துக்கொண்டு செத்தது. இப்போது சாகவில்லை. அடக்கமாக உயிரோடு இருந்தது.

ஜெசிந்தா மைசூர்பாகைக் குப்பைக்கூடையில் போட்டாள்.

அடுத்த மீட்டிங்கில் அவள் எழுந்து விஷயத்தைச் சொன்னாள். தன் தெரு என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த அறையில் இருந்தவர்கள் முகத்தை இரக்கமாக வைத்துக்கொள்வார்கள், அதைப் பார்க்க அவளுக்கு இஷ்டமில்லை. அங்கே ஆள் இருக்கிறார்கள், ட்ரோன் படத்தில் கூரைகூடத் தெரிகிறது என்று மட்டும் சொன்னாள்.

கிரிதரன் பொறுமையான மனிதர். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல விளக்கினார். அது ஆக்கிரமிப்பு, அரசாங்கப் பதிவேட்டிலேயே அவர்கள் இல்லை, இல்லாதவர்களை நாம் எப்படிக் கணக்கில் வைப்பது, வருடாவருடம் தண்ணீர் வரும் என்று தெரிந்தும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் அதற்கு யார் பொறுப்பு என்றார்.

"அவங்களுக்குப் பழகிப்போயிருக்கும்மா. நிவாரணம் கிடைக்கும்னு மழைக்குக் காத்துட்டிருப்பாங்க."

யாரோ சிரித்தார்கள். முபாரக் இல்லை.

ஜெசிந்தா உட்காராமலே, விடுவதற்கு வேறு வரிசை வைக்கலாமா என்று கேட்டாள். கிரிதரனுக்கு அடுத்த மீட்டிங் இருந்தது. போனைப் பார்த்துக்கொண்டே எழுந்தார்.

"ஏதாவது ஒரு வரிசை வேணும், இல்லியா. எல்லாத்தையும் வெச்சுக்க இடம் கிடையாது. டெக்னிக்கலா ஒரு காரணம் சொல்ல முடிஞ்சா, எந்த வரிசையா இருந்தாலும் எனக்கு ஓகே."

இந்தத் தடவை அவளுக்கு இரண்டு நாள்தான் ஆனது. ட்ரோன் படத்தில் கட்டடங்களின் உயரமும் இருந்தது. வரிசையை மாற்றினாள். மாடி உள்ள வீடுகளை முதலில் விட வேண்டும். எத்தனை மாடி அதிகமோ அத்தனை சீக்கிரம். மாடியே இல்லாத கூரைகளைக் கடைசிவரை விடக்கூடாது. காரணத்தை அடுத்த மீட்டிங்கில் ஒரே வாக்கியமாகச் சொன்னாள். மாடி இருப்பவர்கள் ஏறிக்கொள்ளலாம், இல்லாதவர்களுக்கு ஏற இடமில்லை.

வீடியோவில் இந்துமதி முதல் தடவையாகத் தலையாட்டினார். கிரிதரன் மடிக்கணினியில் வேறெதையோ தட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "ம். லாஜிக் இருக்கு. சிம்பிள்," என்றார்.

கான்டீனில் முபாரக் டீயை ஆற்றிக்கொண்டே அவளை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"நம்ம கிரி சார் வீடு எத்தனை மாடி?"

"தெரியாது பாய்."

"மூணு. உள்ளயே லிஃப்ட் வேற வெச்சிருக்காரு. நான் போயிருக்கேன், வைஃபை மாட்டிக் குடுக்க. குடிக்கத் தண்ணி குடுத்தாங்க, வெளிய வாட்ச்மேன் ரூம்ல." டீயைக் குடித்து முடித்தான். "எனக்கும் தெரியாது."

ஐப்பசி போய்க் கார்த்திகை பிறந்தது. ஒரு வியாழக்கிழமை காலை வானம் நெல் அவிக்கிற அண்டா அடிபோல இருந்தது. ஆபீஸுக்கு வந்தவர்களின் குடைகளெல்லாம் லிஃப்ட் வாசலில் ஒழுகிக்கொண்டிருந்தன. ஏரி ஏற்கெனவே முக்கால். மாலைக்குள் பெருமழை என்று அறிவிப்பு. பிலோமினா போன் செய்தாள்.

"ஏன்டி, உங்க ஆபீஸ்லதான் மதகு திறக்குறாங்களாமே? கட்டிலுக்குக் கீழ செங்கல் வெக்கட்டுமா, வேணாமா? அதை மட்டும் சொல்லு."

"இரும்மா. மத்தியானம் சொல்றேன்."

"மத்தியானம் யாரு தூக்குவா? ஆரோக்கியதாஸ் இருந்தா கூப்பிடலாம்."

ஜெசிந்தா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

கண்காணிப்பு அறையில் எல்லாரும் கூடியிருந்தார்கள். இந்துமதி வீடியோவில், பின்னால் மழைக்கோட்டுப் போட்ட ஆட்களோடு. காவலன் தன் அறையை அளந்தது, ஏற்ற வேண்டியதை ஏற்றியது, விட வேண்டியதை விட்டது, சாகாமல் இருந்தது. பிறகு திட்டத்தைத் திரையில் போட்டது. மதியம் தெற்கு ஷட்டர் முழுதாகத் திறக்கப்படும். கிழக்கு மதகு மூடியே இருக்கும்.

கிரிதரனுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. தெற்கா, அங்கே ஷட்டர் இருக்கிறதா என்று முபாரக்கைக் கேட்டார். ஒப்பந்தத்திலேயே மோட்டார் போட்டுக் கொடுத்திருக்கிறோம் சார், என்றான் அவன். திறந்தால் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டார். பழைய வாய்க்காலில் சார். வாய்க்கால் எங்கே இருக்கிறது? முபாரக் வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். ஈச்சமரம் வரிசையாக நின்றது. மரங்களுக்கு இரண்டு பக்கமும் வெறும் தரை.

கிரிதரன் ஜெசிந்தாவை விலக்கிவிட்டுத் தானே விசைப்பலகை முன் உட்கார்ந்தார். பாதையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

ஒரு வாட்ச்மேன் இருக்கிறார், என்றது காவலன். அவரை வெளியேறச் சொல்லிச் செய்தி அனுப்பிவிட்டேன்.

கிரிதரன் தன் வில்லா எண்ணைத் தட்டினார். தட்டும்போது ஒரு விரல் தவறி, அழித்து மறுபடி தட்டினார்.

அப்படி ஒரு கதவு என் நினைவில் இல்லை.

மனிதரின் கழுத்து மெதுவாகச் சிவப்பதை ஜெசிந்தா நின்று பார்த்தாள். ஒரு வருடமாக அவள் எதிர்பார்த்த காட்சியல்ல இது. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை.

"இது என்ன முட்டாள்தனம்? அங்க முந்நூறு குடும்பம் இருக்கு. கோடிக்கணக்குல வீடு."

"ஏதாவது ஒரு வரிசை வேணும்னு நீங்கதான் சொன்னீங்க சார்," என்றாள் ஜெசிந்தா. அவளுக்கே கேட்காத குரலில்தான் சொன்னாள். மைக் நன்றாக வேலை செய்தது.

"வரிசையை மாத்து. பழையதைப் போடு."

"பழைய வரிசைன்னா என்ன?" என்று வீடியோவிலிருந்து இந்துமதி கேட்டார்.

கிரிதரன் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் இருப்பதையே மறந்திருந்தார்போல. பழைய வரிசை என்னவென்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். மழை ஏறிக்கொண்டிருக்கும்போது வரிசையைத் தொடுவது ஆபத்து, மறுபடி சோதிக்காமல் செய்ய முடியாது என்று முபாரக் அவருக்குக் கை கொடுத்தான். வேண்டுமானால் மெமரியைக் கூட்டிக் கொடுக்கலாம், அது ஒரு நொடி வேலை, எல்லாரையும் ஏற்றிக்கொள்ள இடமிருந்தால் வரிசையே தேவைப்படாது என்றான். பிறகு முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் சேர்த்துக்கொண்டான்.

"ஆனா அதுக்கு வழி இல்லைன்னு சொல்லியிருந்தீங்க சார்."

வழி இருந்தது. கிரிதரன் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். எந்த மாடியில் யாரிடம் பேசினாரோ, ஒப்பந்தம் வளைந்தது, பட்ஜெட் பிறந்தது, எல்லா ஏரிக்கும் ஒரே அளவு என்ற நியாயம் காற்றில் போனது. ஒருவன் கீழே போய் டீ வாங்கி வருவதற்குள் அல்லிப்பேட்டின் எல்லை நான்கு மடங்கானது. போன வருடம் ஒரு மனிதன் போன பிறகும் அசையாத எல்லை.

காவலன் தன் அறையை மறுபடி அளந்தது. சுவர்கள் தள்ளிப் போயிருந்தன. அதற்கு ஆச்சரியம் கிடையாது. விட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து ஏற்றிக்கொண்டது. ஈச்சமரத்துக்கு இரண்டு பக்கமும் வீடுகள் முளைத்தன. மதகடித் தெருவும் கூரை கூரையாக அப்படியே இருந்தது. ஜெசிந்தா ஒரு கூரையை மட்டும் பார்த்துக்கொண்டாள். கிரிதரன் பெருமூச்சு விட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்பாடா, இவ்வளவுதானே என்றார்.

புதிய திட்டம் வந்தது.

தெற்கு ஷட்டரை இப்போதே கால்பங்கு திறக்கலாம். மாலைவரை திறந்தே இருக்கட்டும். ஏரி இந்த வழியில்தான் வழிய வேண்டும், நிலம் இந்தப் பக்கமே சரிந்திருக்கிறது. ஈச்சமரத் தெருவில் கார் சக்கரம் மூழ்கும் அளவு தண்ணீர் நிற்கும். தரைத்தளத்தில் பொருள் நனையும். யாருக்கும் உயிருக்கு ஆபத்து இல்லை. கிழக்கு மதகைத் திறந்தால் கூரைவரை தண்ணீர் வரும். அங்கே ஏற இடமில்லை.

கிரிதரன் அதை இரண்டு தடவை படித்தார்.

"இப்பவும் எங்க பக்கமா?"

ஷட்டர் மோட்டாருக்கு மின்சாரம் தயார் என்று இந்துமதியின் ஆட்கள் பின்னாலிருந்து சத்தம் கொடுத்தார்கள். கிரிதரன் ஜெசிந்தாவின் பக்கம் குனிந்தார். மைக்குக்குக் கேட்காதபடி, முதல் தடவையாக ஒரு கேள்வியைக் கேள்வியாகவே கேட்டார்.

"மெமரியைத் திரும்ப முன்ன இருந்த மாதிரி குறைச்சிட்டா?"

"குறைக்கலாம் சார்."

"குறை."

ஜெசிந்தா எல்லைக்கான கட்டத்தைத் திறந்து, பழைய அளவைப் போட்டு, விசையை அழுத்தாமல் விரலை வைத்துக்கொண்டாள். கட்டத்தில் அளவைப் போட்டதுமே, உறுதிசெய்யுமுன், காவலனுக்கு அறிவிப்பு போய்விடும்; அளவு குறையப்போகிறது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. தன் இடத்தைப் பார்த்து நடக்க இரண்டு வாரம் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தது அவள்தானே. அது நின்றது. சுவரளவு இருந்த பெரிய திரையில், அறையில் இருந்தவர்களும் வீடியோவில் இருந்தவர்களும் படிக்கும்படி, கேட்டது.

எல்லாரும் நினைவில் இருக்கிறார்கள். யாரை விடட்டும்?

"வரிசை இருக்குல்ல, அதைக் கேக்காம என்ன கேள்வி?" என்றார் கிரிதரன்.

"அது ஏற்கெனவே எல்லாரையும் பாத்துடுச்சு சார். தண்ணி வர நேரத்துல, பாத்தவங்களை அதுவா விடாது. ஒரு ஆள் சொல்லணும். அப்படித்தான் எழுதியிருக்கேன்." விரலை எடுக்காமலே சொன்னாள். "இடம் இருக்கிறவரைக்கும் அது யாரையும் மறக்காது சார். மறக்கணும்னா நீங்க சொல்லுங்க. தெரு பேரைச் சொன்னா போதும்."

அவர் திரையைப் பார்த்தார். வீடியோவில் இந்துமதி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், மழைக்கோட்டு ஆட்களும் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். ஒரு தெருவின் பெயர். இரண்டு சொல். அன்று மீட்டிங்கில் ஆக்கிரமிப்பு என்று சுலபமாகத் தள்ளிவிட்டதுதான். இன்றைக்கு வாயில் வரவில்லை.

"சொல்லுங்க சார், பதிவாகுது," என்றார் இந்துமதி.

கிரிதரன் எழுந்து, போனை எடுத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் போய் நின்றார். வெளியே மழை கண்ணாடியில் அறைந்துகொண்டிருந்தது. ஜெசிந்தா பழைய அளவை அழித்துவிட்டுக் கட்டத்தை மூடினாள். கேள்வி திரையிலிருந்து மறைந்தது. தெற்கு ஷட்டர் திறக்க ஆரம்பித்தது என்று ஒரு வரி வந்தது.

அவள் அம்மாவுக்குப் போன் செய்து, செங்கல் வேண்டாம் என்றாள். பிலோமினாவுக்கு நம்பிக்கை வரவில்லை. எதற்கும் இரண்டு வைத்துக்கொள்கிறேன் என்றாள்.

ஜன்னலருகே கிரிதரன் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார். பயப்படாதே, ஒன்றும் ஆகாது, காரை மட்டும் வெளியே எடுத்து மெயின் ரோட்டில் விடச் சொல்லு என்றார். பிறகு, அறையில் எல்லாருக்கும் கேட்கிறது என்று தெரியாமல், குரலை உயர்த்தினார்.

"சோபா நனைஞ்சா நனையட்டும். நீங்கல்லாம் மாடிக்குப் போயிடுங்க."

போனார்கள். மாடி இருந்தது.